காலில்லாப் பல்லிகளும் அவற்றின் குடும்பப் பெயர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பென்றால் படையும் நடுங்கும். அதனால்தான் கால் இல்லாமல் நெளிந்து போகும் எதைக் கண்டாலும் கை முதலில் கம்பைத் தேடுகிறது. அப்படி அடிபட்டுச் சாகிறவற்றில் பாம்பே அல்லாத உயிர்களும் உண்டு. அவற்றைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். அறிவியல் பெயர்களைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். ஒரு பிராணி யாருடைய சொந்தம் என்பதை அதன் குடும்பப் பெயர் சொல்லிவிடும். காலில்லாப் பல்லிகளைப் பொறுத்தவரை தெரிந்துகொள்ள வேண்டிய முதல் சங்கதியே அந்தச் சொந்தம்தான்.

காலே இல்லாத பல்லி என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. ஒன்றல்ல, பல நூறு இனங்கள். ஐரோப்பாவில் வீட்டுத் தோட்டத்து உரக்குழிகளில், ஆஸ்திரேலியாவின் புல்வெளிகளில், கலிபோர்னியாவின் மணல்மேடுகளில், ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு நடுவே உள்ள ஒரு தீவில், இலங்கையில் இலைச்சருகுக்கு அடியில் என்று பல இடங்களில் வாழ்கின்றன. சிலவற்றுக்குக் கால் அடியோடு இல்லை. சிலவற்றுக்கு ஒரு செதில் அளவுக்கு மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இவற்றைத் தமிழில் 'பல்லி' என்று சொல்வது சரியா?

முழுக்கச் சரியில்லை. அதில் நமக்கு வருத்தப்பட ஒன்றுமில்லை. தமிழ் இந்த விஷயத்தில் நுணுக்கமான மொழி. ஆங்கிலத்தில் 'லிசர்ட்' என்று ஒரே சொல்லில் அடக்குவதை நாம் பல்லி, ஓணான், அரணை, உடும்பு, பச்சோந்தி என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். வியப்பு என்னவென்றால், விலங்கியலாளர்கள் பிரித்த குடும்பங்களோடு இந்தப் பிரிவு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. பல்லி கெக்கோனிடே குடும்பம். ஓணான் அகாமிடே. அரணை ஸ்கின்சிடே. உடும்பு வரானிடே. பச்சோந்தி கமீலியோனிடே. சுவரில் ஓடுவதையும் வேலியில் தலையாட்டுவதையும் நம் ஊரில் யாரும் ஒரே பெயரால் அழைப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் பொதுவாகப் 'பல்லியோந்தி' என்ற சொல்லைச் சிலர் எழுதுகிறார்கள். புழக்கத்தில் 'காலில்லாப் பல்லி' என்பதுதான் பலருக்கும் புரிகிறது என்பதால் தலைப்பில் அதையே வைத்தேன். ஆனால் கீழே படிக்கும்போது, இவற்றில் சில பல்லிக்குச் சொந்தம், சில அரணைக்குச் சொந்தம், சில உடும்பின் பக்கத்து உறவு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பிலிருந்து இவற்றைப் பிரித்தறிவது எப்படி?

முதலில் ஒரு எச்சரிக்கை: பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று கையை நீட்ட வேண்டாம். நம் நாட்டில் அது ஆபத்தான பழக்கம். தள்ளி நின்று பார்த்தாலே பல விஷயங்கள் தெரியும்.

கண்ணைப் பாருங்கள். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் கண்ணாடி மூடி போலத் தெளிந்த செதில் ஒன்று இருக்கும், அது சிமிட்டாது. ஐரோப்பாவில் வாழும் ஸ்லோ வார்ம் என்ற காலில்லாப் பல்லியும், அதன் சொந்தமான, எளிதில் வால் ஒடியும் கண்ணாடிப் பல்லிகளும் நன்றாகவே கண்ணைச் சிமிட்டும். அடுத்தது காது. பாம்புக்கு வெளியே காதுத்துளை இல்லை. கண்ணாடிப் பல்லியின் தலையின் இரு பக்கமும் சின்னத் துளை தெரியும்.

பிறகு வால். பாம்பின் உடலில் பெரும்பகுதி வயிறும் முதுகும்தான். வால் கடைசியில் கொஞ்சம். கண்ணாடிப் பல்லிக்கு இது தலைகீழ். கழிவுத்துளைக்குப் பின்னால் இருப்பதெல்லாம் வால் என்று கணக்கிட்டால், மொத்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாலாகவே இருக்கலாம். அந்த வால் ஒடியும். பாம்பின் வயிற்றில் அகலமான செதில்கள் குறுக்காக வரிசையாக இருக்கும். காலில்லாப் பல்லிகள் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுச் செதிலும் முதுகுச் செதில் போலச் சிறியதுதான். நாக்கும் பாம்பின் நாக்கு மாதிரி ஆழமாகப் பிளந்திருக்காது.

சரி, இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும்: இந்த அடையாளங்கள் எல்லாக் காலில்லாப் பல்லிகளுக்கும் பொருந்தாது. ஆஸ்திரேலியக் காலில்லாப் பல்லிகளுக்கு இமை இல்லை, நம் வீட்டுப் பல்லிக்கும் இல்லாதது போல. மண்ணுக்குள் வாழும் இனங்களுக்குக் காதுத்துளை மறைந்திருக்கும், வாலும் குட்டையாக இருக்கும். இமை, காது, நீண்ட வால் மூன்றும் சேர்ந்து இருப்பதை ஸ்லோ வார்ம், கண்ணாடிப் பல்லி வகைகளிடம்தான் எதிர்பார்க்கலாம்.

இவை எல்லாம் ஒரே குடும்பம்தானே?

இல்லை. எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. மிகப் பரவலான தவறான எண்ணமும் இதுதான்.

செதிலுடைய ஊர்வன வரலாற்றில் கால் குறைந்து மறைவது 20-க்கும் மேற்பட்ட தடவை தனித்தனியாக நடந்திருக்கிறது. பாம்புகள் அதில் ஒரு தடவை. மற்ற தடவைகளில் உருவானவைதான் நாம் பேசும் பிராணிகள். அதனால் 'காலில்லாப் பல்லி' என்பது ஒரு குலத்தின் பெயராகாது. 'மொட்டைத் தலையர்' என்பது போல அது ஒரு தோற்றத்தின் பெயர். மொட்டை போட்டவர்கள் எல்லாரும் அண்ணன் தம்பி ஆகிவிட மாட்டார்கள் அல்லவா?

முக்கியமான குடும்பங்களைச் சொல்கிறேன். ஆங்குவிடே: ஸ்லோ வார்மும் கண்ணாடிப் பல்லிகளும் இதில் அடங்கும். உடும்பும் இவையும் ஆங்குவிமார்ஃபா என்ற பெரிய கிளையில் சேர்ந்தவை; ஆக, விரல் மொத்தமே இருக்கும் ஒரு ஸ்லோ வார்ம் பாம்பை விட உடும்புக்கே நெருங்கிய சொந்தம் என்று வகைப்பாடு சொல்கிறது. பைகோபோடிடே: ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் 40-க்கு மேற்பட்ட இனங்கள், பல்லியின் நெருங்கிய சொந்தங்கள். அனியெல்லிடே: கலிபோர்னியாவிலும் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவிலும் மணலுக்குள் வாழ்பவை. டிபாமிடே: தென்கிழக்காசியாவிலும் மெக்சிகோவிலும் வாழும், கண் தோலுக்கடியில் புதைந்த சின்னஞ்சிறு பிராணிகள், நம் நிக்கோபார் தீவுகளிலும் இதில் ஓர் இனம் உண்டு. இவை போக, அரணைக் குடும்பமான ஸ்கின்சிடேக்குள்ளேயே பல கிளைகள் தனித்தனியாகக் காலை இழந்திருக்கின்றன.

குடும்பப் பெயரை எப்படி உருவாக்குகிறார்கள்? யார் இஷ்டத்துக்கும் வைக்கலாமா?

முடியாது. விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்குப் பன்னாட்டு விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. இப்போது நடைமுறையில் இருப்பது அதன் நான்காம் பதிப்பு. 2000 ஜனவரி 1 முதல் செல்லுபடியாகிறது.

அதன்படி ஒரு குடும்பத்துக்கு முதலில் ஒரு 'மாதிரிப் பேரினம்' வேண்டும். நெருங்கிய இனங்கள் சேர்ந்தது பேரினம்; குடும்பம் என்பது பல பேரினங்கள் சேர்ந்த கூட்டம். அவற்றில் ஒன்றை ஆணிவேராக வைத்து, அதன் பெயரிலிருந்துதான் குடும்பப் பெயரை எடுக்க வேண்டும். அந்தப் பெயரின் அடிச்சொல்லோடு 'இடே' என்ற விகுதியைச் சேர்த்தால் குடும்பப் பெயர் கிடைத்துவிடும். 'இனே' சேர்த்தால் துணைக்குடும்பம். 'ஓயிடியா' சேர்த்தால் குடும்பத்துக்கு மேலே உள்ள பெருங்குடும்பம். செடிகொடிகளுக்கு வேறு விதித்தொகுப்பு, வேறு விகுதி. அதற்குள் இங்கே போக வேண்டாம்.

'இடே' எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தில் 'இன்னாருடைய வழித்தோன்றல்' என்று சொல்லப் பயன்பட்ட விகுதி அது. ஹெராக்ளீஸின் சந்ததியார் ஹெராக்ளிடே. நமக்கு இது புதிதே இல்லை. பாண்டுவின் பிள்ளைகள் பாண்டவர், குருவின் வழிவந்தவர் கௌரவர். அதே வேலையைத்தான் 'இடே' செய்கிறது. 1842-இல் ஹியூ ஸ்ட்ரிக்லண்ட் என்பவர் முன்னின்று பிரிட்டனில் எழுதிய விதித்தொகுப்பு 'இடே', 'இனே' இரண்டையும் பரிந்துரைத்தது. பிறகு அதுவே கட்டாய விதியாக நிலைத்துவிட்டது.

அடிச்சொல்லைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பைகோபஸ் என்ற பேரினப் பெயரோடு 'இடே' சேர்த்தால் 'பைகோபிடே' வர வேண்டும் என்று தோன்றும். ஆனால் பைகோபோடிடே என்று வருகிறது. நடுவில் 'ட்' எப்படி வந்தது? தமிழில் 'மரம்' என்ற சொல்லோடு 'ஐ' சேர்த்தால் 'மரமை' ஆவதில்லை, 'மரத்தை' ஆகிறது. வேற்றுமை ஏற்கும்போது 'மரம்' தன் உருவை மாற்றி 'மரத்து' ஆகிறது. கிரேக்கத்திலும் அப்படித்தான்: 'கால்' என்ற பொருளுள்ள 'பூஸ்' என்ற சொல் ஆறாம் வேற்றுமையில் 'பொடொஸ்' ஆகும். அந்த 'பொட்' என்ற அடிச்சொல்லோடுதான் விகுதியைச் சேர்க்கிறார்கள். பல்லியின் பேரினமான கெக்கோ, கெக்கோனிடே ஆகும்போது 'ன்' வருவதும் இதே மாதிரிதான்.

ஆங்குவிடேயில் இந்தச் சிக்கல் இல்லை. 'ஆங்குவிஸ்' என்ற லத்தீன் சொல்லின் அடி 'ஆங்கு'. ஆங்கு, இடே இரண்டும் சேர்ந்தால் ஆங்குவிடே. தமிழ் எழுத்தில் எழுதும்போது நடுவில் வகர உடம்படுமெய் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்வதைப் பார்க்க எனக்கு ஒரு சந்தோஷம்.

'ஆங்குவிஸ்' என்றால் என்ன பொருள்?

பாம்பு.

பல்லி வகைக் குடும்பத்துக்குப் பாம்பு என்று பெயரா? ஏன்?

1758-இல் சுவீடனின் கார்ல் லின்னேயஸ் தன் பெருநூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டார். விலங்குப் பெயரிடலின் தொடக்கப்புள்ளி அதுதான். அதற்கு முந்தைய பெயர்கள் கணக்கில் வராது. அதில் ஐரோப்பாவின் ஸ்லோ வார்முக்கு அவர் வைத்த பெயர் ஆங்குவிஸ் ஃபிராஜிலிஸ். 'ஒடியும் பாம்பு' என்று பொருள். வால் ஒடிவதைப் பார்த்து வைத்த பெயர். அதைப் பாம்புகளோடு ஒரே வரிசையிலும் வைத்தார். கால் இருக்கிறதா இல்லையா என்பதுதான் அவருக்குப் பெரிய அளவுகோல். அதே வரிசையில் சிசிலியன் என்ற காலில்லாத தவளைச் சொந்தத்தைக்கூடச் சேர்த்திருந்தார்.

17 ஆண்டுகள் கழித்து, 1775-இல், பீட்டர் சைமன் பல்லாஸ் என்ற இயற்கையியலாளர் தென்கிழக்கு ஐரோப்பாவிலிருந்து மத்திய ஆசியா வரை வாழும் பெரிய காலில்லாப் பல்லி ஒன்றை விவரித்தார். ஒரு மீட்டருக்கு மேல் வளரும் பிராணி, பார்த்தால் யாரும் பாம்பென்றே சொல்வார்கள். ஆனால் அவர் வைத்த பெயர் லாசெர்டா அபோடா, அதாவது 'காலில்லாப் பல்லி'. காலை வைத்து முடிவு செய்யாமல் மற்ற உறுப்புகளைப் பார்த்து இனங்கண்ட பெயர் அது. எனக்கு லின்னேயஸ் மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் பல்லாஸின் பார்வைதான் கூர்மை.

பிறகு 1825-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜான் எட்வர்ட் கிரே குடும்பப் பெயரை வைத்தபோது, லின்னேயஸின் பேரினமே ஆணிவேராக அமைந்தது. அதனால் ஆங்குவிடே.

தப்பு என்று தெரிந்த பிறகு மாற்றக்கூடாதா?

மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. பொருள் பொருந்தவில்லை என்ற காரணத்துக்காக ஒரு பெயரைத் தள்ளக்கூடாது என்று விதித்தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது. முதலில் முறையாக வெளியானதற்கே முன்னுரிமை. பாசிலோசாரஸ் என்ற அழிந்துபோன பிராணியின் பெயருக்கு 'அரசப் பல்லி' என்று பொருள். அது உண்மையில் ஒரு திமிங்கிலம். பெயர் அப்படியேதான் இருக்கிறது.

இதை முதன்முதலில் கேள்விப்பட்டபோது எனக்கும் ஒப்பவில்லை. யோசித்துப் பார்த்தால் நியாயம் புரிகிறது. 'கறுப்பன்' என்று பெயருள்ளவர் சிவப்பாக இருந்தால் யாரும் ஆவணத்தில் பெயரைத் திருத்தச் சொல்வதில்லை. பெயர் ஆளைச் சுட்டினால் போதும். ஒவ்வொரு தலைமுறையும் தனக்குப் பொருத்தமாகத் தோன்றும் பெயரை மாற்றிக்கொண்டே போனால், 200 ஆண்டுக்கு முந்தைய குறிப்பைப் படிப்பவருக்கு எந்தப் பிராணி என்றே தெரியாமல் போய்விடும்.

பைகோபோடிடே என்பதற்கு என்ன பொருள்?

'பைகே' என்றால் கிரேக்கத்தில் பின்புறம், புட்டம். 'பூஸ்' கால். பின்புறத்தில் கால் உள்ளது என்று பொருள். இவற்றுக்கு முன்னங்கால் சுத்தமாக இல்லை. பின்னங்கால் மட்டும் கழிவுத்துளைக்குப் பக்கத்தில் இரண்டு பட்டையான செதில் மடிப்பாக மிஞ்சியிருக்கிறது. பேரினத்துக்கு 1820-இல் பிளாசியஸ் மெர்ரெம் அந்த மடிப்பைப் பார்த்தே பெயர் வைத்தார். 1884-இல் ஜார்ஜ் ஆல்பர்ட் பூலஞ்சர் குடும்பமாக வகுத்தார்.

இதே பொருளில் இன்னொரு குடும்பமும் இருக்கிறது, பறவைகளில். நம் ஏரிகளில் முங்கி முங்கி எழும் முக்குளிப்பானின் குடும்பம் போடிசிபெடிடே. லத்தீனில் அதற்கும் 'பின்புறக் கால்' என்றுதான் பொருள், ஏனென்றால் முக்குளிப்பானின் கால்கள் உடலின் கடைக்கோடியில் இருக்கும். ஒன்று நீரில் மூழ்கும் பறவை, இன்னொன்று புல்லில் நெளியும் பல்லி.

இந்தக் குடும்பத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டுச் சுவரில் பல்லியைக் கவனித்திருக்கிறீர்களா? இமை இல்லாததால் கண்ணை நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். 'இச் இச்' என்று சத்தம் போடும். முட்டையிட்டால் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் இரண்டு. பைகோபோடிடே பிராணிகள் இந்த மூன்றையும் செய்கின்றன! கால் போனாலும் குலவழக்கம் போகவில்லை. பார்த்தால் பாம்பு, கண்ணை நக்கும்போது பார்த்தால் நம் வீட்டுப் பல்லி.

இவற்றில் லியாலிஸ் பர்ட்டோனிஸ் என்ற இனம் அரணைகளையே பிடித்துத் தின்று வாழ்கிறது. நீண்டு கூர்ந்த மூஞ்சி. வழவழப்பான உடலுள்ள அரணை நழுவிவிடாமலிருக்க அதன் பற்கள் கீல் வைத்தது போல உள்நோக்கி மடங்கும்.

ஆங்குவிடே, ஆங்குவில்லிடே, ஆங்குவினிடே மூன்றும் ஒன்றா?

மூன்றும் வேறு வேறு. குழப்பம் வருவது இயல்பு, ஏனென்றால் மூன்றுக்கும் வேர் பாம்பு என்ற அதே லத்தீன் சொல். ஆங்குவில்லா என்றால் 'குட்டிப் பாம்பு'. அது விலாங்கு மீனின் பேரினம், ஆகவே ஆங்குவில்லிடே விலாங்கு மீன் குடும்பம். ஆங்குவினா என்பது கோதுமைக் கதிரைக் கெடுக்கும் நூற்புழுவின் பேரினம். அதன் குடும்பம் ஆங்குவினிடே. தேடும்போது ஓரெழுத்து விட்டுப்போனால் பல்லிக்குப் பதில் மீன் வந்து நிற்கும்.

பெயருக்குப் பின்னால் ஆள் பெயரும் ஆண்டும் போடுகிறார்களே, சில இடத்தில் அடைப்புக்குறிக்குள், சில இடத்தில் வெளியே. ஏன்?

ஓர் இனத்தை முதலில் எந்தப் பேரினத்தில் வைத்தார்களோ இன்றும் அதிலேயே இருந்தால் அடைப்புக்குறி இல்லை: ஆங்குவிஸ் ஃபிராஜிலிஸ் லின்னேயஸ், 1758. வேறு பேரினத்துக்கு மாறியிருந்தால் அடைப்புக்குறி: சூடோபஸ் அபோடஸ் (பல்லாஸ், 1775). பல்லாஸ் வைத்தது லாசெர்டா அபோடா என்று மேலே பார்த்தோம். சூடோபஸ் பேரினத்துக்குப் போனதும் 'அபோடா' 'அபோடஸ்' ஆகிவிட்டது, ஏனென்றால் லாசெர்டா பெண்பாற் சொல், சூடோபஸ் ஆண்பாற் சொல். எழுவாய் மாறினால் 'வந்தாள்' 'வந்தான்' ஆவது போல.

குடும்பப் பெயர்களுக்கு இந்த அடைப்புக்குறி வழக்கம் கிடையாது.

ஒரு நூலில் அனியெல்லிடே என்றும் இன்னொன்றில் அனியெல்லினே என்றும் இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. கலிபோர்னியக் காலில்லாப் பல்லிகளைத் தனிக் குடும்பமாகக் கருதுகிறவர்கள் 'இடே' போடுவார்கள். ஆங்குவிடேயின் ஒரு பிரிவுதான் என்று கருதுகிறவர்கள் துணைக்குடும்பமாக்கி 'இனே' போடுவார்கள். எந்தப் படியில் வைப்பது என்பது ஆய்வாளரின் முடிவு. அதை விதித்தொகுப்பு கட்டுப்படுத்துவதில்லை. படி மாறும்போது விகுதி மட்டும் மாறும், முதலில் பெயரிட்டவருக்கும் ஆண்டுக்கும் உரிய உரிமை மாறாது.

இந்தக் கூட்டத்தில் 2013-இல் ஒரே சமயத்தில் நான்கு புதிய இனங்களை அறிவித்தார்கள். அதில் ஒன்று லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலைய ஓடுபாதையின் முனையில் உள்ள மணல்மேட்டிலும் வாழ்கிறது. அவ்வளவு பெரிய நகரத்தில், விமானங்கள் தலைக்கு மேல் பறக்க, மணலுக்குள் இத்தனை காலம் பெயரில்லாமல் இருந்திருக்கிறது.

இந்தியாவிலும் இலங்கையிலும் காலில்லாப் பல்லிகள் உண்டா?

உண்டு, பெரும்பாலும் அரணைக் குடும்பத்தில்.

சிலிகா ஏரியில் பர்குடா என்றொரு தீவு. அங்கே கிடைத்த காலில்லா அரணையை 1917-இல் நெல்சன் அனண்டேல் விவரித்து, தீவின் பெயரையே பேரினத்துக்கு வைத்தார்: பர்குடியா இன்சுலாரிஸ். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் அவர்தான். இதே பேரினத்தின் இன்னொரு இனம் விசாகப்பட்டினம் பகுதியைச் சேர்ந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஆந்திரப் பகுதியில் செப்சோஃபிஸ் பங்டேட்டஸ் என்ற இன்னொரு காலில்லா அரணை வாழ்கிறது. சென்னை மாகாண வனத்துறையில் இருந்த ரிச்சர்ட் ஹென்றி பெடோம் 1870-இல் அதற்குப் பெயர் வைத்தார். அதன்பின் நூறாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்து, இந்த நூற்றாண்டில்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள்.

இலங்கையில் நெஸ்சியா என்ற பேரினம் அந்தத் தீவுக்கே உரியது. அதன் இனங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கால் மறையும் கதையை ஒரே இடத்தில் படிக்கலாம். ஒன்றுக்குக் காலுக்கு மூன்று விரல், ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு விரலே பிரியாத மொட்டு, நெஸ்சியா லாயார்டிக்குக் காலே இல்லை.

ஆங்குவிடேயின் பிரதிநிதியும் நம் நாட்டில் உண்டு: டார்ஜிலிங் தொடங்கி வடகிழக்கு மலைகளில் வாழும் டோபேசியா கிராசிலிஸ் என்ற கண்ணாடிப் பல்லி.

எங்கள் தோட்டத்தில் சின்னச் சின்னக் காலோடு பாம்பு போல ஒன்று ஓடியது. அதுவும் இந்த வகையா?

அது அநேகமாகப் பாம்பரணை என்று சொல்லப்படும் அரணைதான். உடல் நீளம், கால் குட்டை, வேகமாக ஓடும்போது காலை மடக்கிக்கொண்டு நெளியும். கால் இருப்பதால் காலில்லாப் பல்லி ஆகாது.

"அரணை கடித்தால் மரணம்" என்று ஒரு சொலவடை உண்டு. எதுகை நன்றாக இருக்கிறது, உண்மை இல்லை. அரணைக்கு விஷம் கிடையாது. நாம் பேசிய காலில்லாப் பல்லிகள் எதற்கும் கிடையாது. இந்தச் சொலவடையை நம்பி அடிக்கப்பட்ட அரணைகளைச் சின்ன வயதில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கேட்காதவர்களிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இருதலை மணியன்? மழைக்காலத்தில் குளியலறையில் வரும் புழு மாதிரிப் பாம்பு?

இருதலை மணியன், அதாவது மண்ணுளிப் பாம்பு, உண்மையான பாம்பு, விஷமற்றது. வால் மழுங்கித் தலை போலத் தெரிவதால் அந்தப் பெயர். குளியலறையில் வருவது புழுப்பாம்பு. அதுவும் உண்மையான பாம்புதான், கண் இரண்டும் கறுப்புப் புள்ளியாக மட்டும் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் ஈர மண்ணைக் கொத்தும்போது வளையம் வளையமாக வருவது சிசிலியன். தவளையின் சொந்தம், செதில் மூடிய உடல் கிடையாது.

இருதலை மணியன் என்ற பெயரை நினைக்கும்போதெல்லாம் ஆம்ஃபிஸ்பீனா ஞாபகம் வரும். தென் அமெரிக்காவில் வாழும் புழுப்பல்லிகளின் பேரினம் அது. கிரேக்கத்தில் 'இரு பக்கமும் நடப்பது' என்று பொருள். கடல் கடந்து இருந்தும் இரண்டு மொழிக்காரர்களுக்கும் மழுங்கிய வாலைக் கண்டதும் ஒரே நினைப்புதான் வந்திருக்கிறது.

காலை ஏன் இழந்தன?

இரண்டு விதமான வாழ்க்கை இதற்குக் காரணமாகத் தெரிகிறது. மண்ணுக்குள் நுழைந்து வாழ்பவற்றுக்குக் கால் ஒரு தடை. உடல் நீண்டு, வால் குறுகி, கண்ணும் காதும் சிறுத்துப்போகின்றன. பர்குடியா, நெஸ்சியா, டிபாமிடே எல்லாம் இந்த வழி. அடர்ந்த புல்லுக்குள் நீந்துவது போலப் போகிறவை இன்னொரு வழி. அவற்றுக்கு வால்தான் நீளும். கண்ணாடிப் பல்லிகளும் பைகோபோடிடேயில் பலவும் அப்படி. ஆஸ்திரேலியாவின் லெரிஸ்டா என்ற அரணைப் பேரினத்தில் 90-க்கும் மேற்பட்ட இனங்கள். ஐந்து விரலோடு ஓடுபவை முதல் காலே இல்லாதவை வரை அந்த ஒரு பேரினத்துக்குள்ளேயே எல்லாப் படியும் இருக்கின்றன.

ஒடிந்த வால் மறுபடி ஒட்டுமா?

ஒட்டாது. கண்ணாடிப் பாம்பை (கண்ணாடிப் பல்லியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்) துண்டு துண்டாக்கினாலும் இரவில் சேர்ந்துகொள்ளும் என்று அமெரிக்காவில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு, அது கதை. ஒடிந்த துண்டு கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருக்கும், அதற்குள் பல்லி தப்பித்துவிடும். பிறகு புது வால் வளரும், ஆனால் பழையதை விடக் குட்டையாக, வேறு நிறத்தில். ஸ்லோ வார்முக்கு அதுகூட ஒரு சின்ன முனையாக மட்டுமே வளரும்.

அந்த ஸ்லோ வார்ம் வளர்ப்பில் 50 ஆண்டுக்கு மேல் வாழ்ந்ததாகப் பதிவு உண்டு. பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி அதைக் கொல்வது குற்றம்.

இவற்றுக்குத் தமிழில் நல்ல பெயர் வைக்கலாமா?

வைக்கலாம் என்பதுதான் என் விருப்பம். சொந்தத்தைக் காட்டும் பெயராக இருக்க வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள். பர்குடியா, நெஸ்சியா, செப்சோஃபிஸ் வகையறாவைக் 'காலிலி அரணை' என்று சொல்லலாம். பைகோபோடிடேயைக் 'காலிலிப் பல்லி' என்று சொல்ல முழு நியாயம் இருக்கிறது. உண்மையிலேயே பல்லியின் சொந்தம் அதுதான். ஆங்குவிடேக்கு நம் ஐந்து சொற்களில் எதுவும் பொருந்தவில்லை. உடும்புக்கு உறவுதான், ஆனால் உடும்பு என்று அழைக்கும் அளவுக்கு நெருக்கமில்லை. டோபேசியா வாழும் வடகிழக்கு மலைகளின் மொழிகளில் அதற்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு, அதிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளலாம். அது கிடைக்கும் வரை நான் ஆங்குவிடே என்றே எழுதிக்கொண்டிருப்பேன்.